எனக்கும் அதே

1987 மார்ச். பிளஸ் டூ பரீட்சை தொடங்க இரண்டு நாள் இருந்தது. உறையூர் வெக்காளியம்மன் கோயிலில் நானும் அவளும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டோடு உட்கார்ந்திருந்தோம். வேண்டுதலைச் சீட்டில் எழுதி அம்மன் முன்னால் இருக்கும் சூலத்தில் கட்டுவது அந்தக் கோயில் வழக்கம். வெக்காளிக்குத் தலைக்கு மேல் கூரை கிடையாது. முன்னொரு காலத்தில் மண்மாரி பெய்து ஊர் மூடிப்போனதாம். வீடிழந்த சனங்களுக்கெல்லாம் வீடு கிடைக்கிறவரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் வெட்டவெளியில் உட்கார்ந்துவிட்டாளாம். அப்படித்தான் எங்கள் ஊரில் சொல்வார்கள். வெயிலும் மழையும் அவள் தலைமேல்தான்.

அவள் சீட்டை முழங்கால்மேல் வைத்து எழுதினாள். கணக்குப்பதிவியலில் நல்ல மார்க். பி.காம். சீட். அப்பாவுக்குச் சர்க்கரை குறைய வேண்டும். மூன்று வேண்டுதல், வரிசை எண் போட்டு. அவள் எழுதி முடிக்கும்வரை நான் பேனாவைத் திறக்கவில்லை. அவள் எழுதியதைப் படித்துவிட்டு என் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "தாயே, அவள் கேட்டதையே எனக்கும் கொடு."

என் அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை. முப்பது வருஷம் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததில் வந்த முதுகுவலி இருந்தது. இராத்திரியில் பாயில் புரளும்போது அவர் முனகுவது எனக்குக் கேட்கும். அதை அம்மனிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஒரு வரியைப் பற்றி எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

*

எங்கள் நட்பு அன்பில்தான் தொடங்கியது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சின்ன வயதில் எனக்குப் பேச்சு திக்கும். ஆறாம் வகுப்பில் பாடம் வாசிக்க எழுந்து நின்றேன். 'க'வில் தொடங்கும் முதல் வார்த்தையே தொண்டையில் சிக்கிக்கொண்டது. வகுப்பு சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். "டீச்சர், இவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு. நான் வாசிக்கிறேன்" என்றாள். என் கையிலிருந்த புத்தகத்தையே வாங்கி, நான் விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த குணம் அல்ல அது. பதினொரு வயதுப் பிள்ளை, இன்னொரு பிள்ளை அவமானப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் எழுந்து நின்றது.

அன்றிலிருந்து எனக்கான வாசிப்பையெல்லாம் அவளே வாசித்தாள். கடையில் எனக்கு வேண்டியதை அவள் கேட்டாள். பஸ்ஸில் இரண்டு டிக்கெட் அவள் எடுத்தாள். என் பெயரை யாராவது கேட்டால்கூட நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிடுவாள். எனக்கு அது நிழல்போல இருந்தது. வார்த்தை தேடுகிற வேதனை இல்லை. போகப்போக வார்த்தையைத் தேடுவதையே விட்டுவிட்டேன். அதற்கும் பிறகு, வார்த்தைக்கு முன்னால் உள்ளே ஓர் எண்ணம் எழுமே, அதையும் தேடவில்லை.

அவளுக்குப் பிடித்த நிறம் அரக்கு. எனக்கும் அதே. அவள் காபி குடிப்பாள், சர்க்கரை தூக்கலாக. எனக்கும் அதே. தெப்பக்குளத்துப் பக்கம் போனால் ஒரே மாதிரி ரிப்பன், ஒரே மாதிரி வளையல் வாங்குவோம். மலைக்கோட்டைப் படிகளில் அவள் நின்ற இடத்தில்தான் நானும் மூச்சு வாங்குவேன்.

கையெழுத்துகூட மாறிவிட்டது. ழகரம் எழுதும்போது அவள் அடியில் இறங்கும் காலை ஒரு சுழி சுழித்து, அடுத்த எழுத்தின் கீழே கொண்டுபோய் விடுவாள். கோலத்தின் கடைசிக் கோடு மாதிரி அழகாக இருக்கும். ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகினேன். ஒருநாள் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து என் நோட்டைப் புரட்டினார். "இது யாரு எழுத்தும்மா?" என்றார். "என்னதுப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பப் போய் நாடாவை எடுத்துக்கொண்டார்.

அம்மா மட்டும் வாய்விட்டுச் சொல்வாள். தார் சுற்றிக்கொண்டே, ராட்டையின் சத்தத்துக்கு மேலே சொல்வாள்: "உன் பேரைக் கேட்டா அவ பேரைச் சொல்லுவ போலிருக்கேடி."

அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். காரணம் எங்கள் தமிழம்மா. பத்தாம் வகுப்பில் கோப்பெருஞ்சோழன் – பிசிராந்தையார் கதையை அவர் சொன்ன விதம் அப்படி. கோப்பெருஞ்சோழன் எங்கள் ஊர் ராஜா. நாங்கள் உட்கார்ந்திருக்கிற இதே உறையூரில் இருந்து ஆண்டவன். பிசிராந்தையார் பாண்டிய நாட்டுப் பிசிரில் இருந்த புலவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. மகன்களோடு பகை மூண்டு, மனம் கசந்து, சோழன் ஆற்றிடைக்குறையில் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, "ஆந்தை வருவான், அவனுக்கு ஓர் இடம் விட்டு வையுங்கள்" என்றான். கூட இருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். சோழன் நம்பினான். தன் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் என் பெயரைச் சொல்கிற அளவுக்கு உரிமை உள்ளவன் அவன் என்றான். புறநானூற்றின் 216ஆம் பாட்டு அது. சொன்னபடியே ஆந்தையார் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து உயிர்விட்டார்.

தமிழம்மா சொல்லி முடித்தபோது அவள் பெஞ்சுக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பெயர் மறந்துபோய் நண்பன் பெயரைச் சொல்வது. இதைவிட என்ன வேண்டும்? நட்பு என்றால் இதுதான் என்று அன்று முடிவு கட்டிவிட்டேன்.

*

பிளஸ் டூவில் எனக்குத் தமிழில் பள்ளியிலேயே அதிக மார்க். தமிழம்மா கூப்பிட்டு அனுப்பினார். "நீ இலக்கியம் படிக்கணும். உனக்கு அது வரும்" என்றார். "அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றேன். தமிழம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவகிட்ட என்ன கேக்கப் போற?" என்றார். எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளோடு வரிசையில் நின்று பி.காம். விண்ணப்பம் வாங்கினேன்.

அவளுக்கு நல்ல குரல். சாயங்காலம் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் பாடுவாள். பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோகும். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திருச்சி வானொலி வெறும் பெட்டி இல்லை. 1939இல் தொடங்கிய நிலையம் அது. தறி ஓடுகிற வீடுகளில் நாள் முழுக்க அதன் குரல்தான் துணை. அதில் பாடவேண்டும் என்பது அவள் ஆசை. 1990இல், படிப்பு முடிகிற சமயத்தில், மெல்லிசைக்கு விண்ணப்பம் போட்டாள். குரல் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதே மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தமும் ஆனது. மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை.

ஒரு மாலை, அவர்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவங்க வீட்ல பாட்டெல்லாம் இப்ப எதுக்குன்னு கேக்கிறாங்க. அப்பாவும் விட்டுடும்மாங்கிறார். நீ என்னடி சொல்ற?" என்றாள்.

போ என்று சொல்லவேண்டும்போல இருந்தது. அது மட்டும் நிச்சயம். அடிவயிற்றில் ஏதோ ஒன்று, போ, போய்ப் பாடிவிட்டு வா, கல்யாணம் எங்கே ஓடிவிடப்போகிறது என்றது. ஆனால் எனக்கு என் வயிற்றைக் கேட்டுப் பழக்கமில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே என்ன பதில் எழுதியிருக்கிறது என்று தேடினேன். களைப்பு தெரிந்தது. சரி, விடத்தான் நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"உனக்கு எது சரின்னு படுதோ அதுதான்டி எனக்கும்."

அவள் கடிதத்தை நாலாக மடித்து, மடித்த இடத்தை நகத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

*

1991இல் அவள் கல்யாணமாகி நாக்பூருக்குப் போனாள். திருச்சி ஜங்ஷனில் வண்டி நகர்ந்த பிறகும் நான் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். போர்ட்டர் ஒருவர், "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திக்கினதால் அல்ல. உண்மையிலேயே தெரியவில்லை.

முதலில் வாரம் ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. பிறகு மாதம் ஒன்று. அவள் மாறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். புது ஊர், புது பாஷை, கூட்டுக் குடும்பம். அடுத்த வருஷமே கைக்குழந்தை. என் கடிதங்கள்தான் அப்படியே இருந்தன. சாப்பாடு பிடித்திருக்கிறதா, குளிர் எப்படி, மாமியார் எப்படி என்று மூன்று பக்கமும் அவளைப் பற்றிய கேள்விகள். ஒருமுறை அவள் எழுதினாள்: "உன்னைப் பத்தி ஒரு வரிகூட எழுத மாட்டேங்கிறியே, நீ எப்படி இருக்க?" அந்தக் கேள்விக்குக் கீழே நான் பதில் எழுதப் பார்த்தேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, "நன்றாக இருக்கிறேன்" என்று எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை.

அந்த ஆடியில் அம்மா என்னை வெக்காளியிடம் கூட்டிக்கொண்டு போனாள். "மனசுல இருக்கிறதை எழுதிக் கட்டு" என்று ஒரு துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்தாள். சுற்றிலும் கூட்டம். ஒரு கிழவி யாரையோ எழுதச் சொல்லிக் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் பையன் நாக்கைத் துருத்திக்கொண்டு கொட்டை எழுத்தில் எழுதினான். எல்லாருக்கும் ஏதோ வேண்டியிருந்தது. நான் வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். படித்துப் பார்த்து எழுத, பக்கத்தில் அவள் சீட்டு இல்லை.

கடைசியில் வெறும் சீட்டையே மடித்துச் சூலத்தில் கட்டினேன். இருபத்தோரு வயதில் எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதேன். தோழியைப் பிரிந்த அழுகை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். பாதி அதுதான்.

*

மீதிப் பாதிக்கு மருந்து மெல்லத்தான் கிடைத்தது.

அந்தத் தீபாவளிக்கு அப்பா வழக்கம்போலக் கேட்டார்: "உன் சேலைக்கு என்ன கலர் போடட்டும்?" ஒவ்வொரு வருஷமும் அவளைக் கேட்டுக்கொண்டு வந்து "அரக்கு" என்பேன். இந்தமுறை நாக்பூருக்கு எழுதிக் கேட்டுப் பதில் வருவதற்குள் பாவு ஓட்டியாகவேண்டும். அப்பா ஒன்றும் பேசாமல் சாயம் போட்ட நூல் சிட்டங்களைக் கொண்டுவந்து திண்ணையில் பரப்பினார். "பாரு. அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சிட்டமாக எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரக்கை எடுத்தேன். அது அவளாகவே தெரிந்தது. அன்போடு ஓர் ஓரமாக வைத்தேன். பிறகு கை தானாக மாம்பழ மஞ்சளுக்குப் போனது. அதன்மேல் மயில்கழுத்து நூலை ஒரு கோடாக வைத்தேன். மார்பு படபடத்தது. யாரையும் கேட்காமல் எனக்குப் பிடித்திருந்தது. அதற்குக் காரணமும் என்னிடம் இருந்தது. காலை வெயில் விழும்போது எங்கள் தறிவீட்டு மண்தரை அந்த மஞ்சளாகத்தான் ஆகும்.

அப்பா வந்து பார்த்தார். மயில்கழுத்து நூலை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தக் கண்ணை இத்தனை நாளா எங்கம்மா வெச்சிருந்த?" என்றார்.

அந்தச் சேலை இன்னும் என்னிடம் இருக்கிறது. முந்தானை நைந்துவிட்டது. கரை மட்டும் அப்படியே.

காபி எனக்குப் பிடிக்காது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நாக்கில் பட்ட கசப்பை ஏழெட்டு வருஷம் சர்க்கரை போட்டு விழுங்கியிருக்கிறேன். கையெழுத்தை மாற்ற முயன்றேன். எல்லா எழுத்தும் எனக்குத் திரும்பி வந்தது, ழகரம் மட்டும் வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன். அவளிடமிருந்து வந்தது எல்லாமே களையவேண்டியது இல்லை. எது கொடுத்தது, எது தொலைத்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே அஞ்சல்வழியில் தமிழ் எம்.ஏ. சேர்ந்தேன். தமிழம்மா சொன்னதை ஆறு வருஷம் தாமதமாகச் செய்தேன். தறிவீட்டில் தனியாக உட்கார்ந்து செய்யுளை வாய்விட்டு வாசித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. சீர் பிரித்து, ஓசையோடு வாசித்தால் எனக்குத் திக்கவே இல்லை. தாளக்கட்டுக்குள் வந்துவிட்டால் திக்கல் விலகிப்போவது பலருக்கு உண்டு என்று பிறகு அறிந்தேன். ஆறாம் வகுப்பில் இன்னும் ஒரு நிமிஷம் என்னை நிற்க விட்டிருந்தால் நானே அதைக் கண்டுபிடித்திருப்பேனோ என்னவோ. அவள் என்மேல் வைத்த அன்பால் எழுந்தாள். அந்த அன்பில் சாய்ந்துகொண்டு நான் எழவே இல்லை. சாய்ந்தது என் பிழை.

புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தது 1894இல். நான் அதை முழுதாகப் படித்தது சரியாக நூறு வருஷம் கழித்து, 1994இல். பத்தாம் வகுப்பில் நான் கண்கலங்கிய கதை அதில் இருந்தது. ஆனால் வகுப்பில் நான் கேட்காமல் விட்ட பாட்டுகளும் இருந்தன.

191ஆம் பாட்டு பிசிராந்தையாருடையது. சோழனிடம் வந்து சேர்ந்தவரைப் பார்த்து அங்கிருந்த சான்றோர் வியக்கிறார்கள். எத்தனையோ காலமாக உம்மைப் பற்றிக் கேள்விப்படுகிறோம், உமக்கு இன்னும் நரை இல்லையே, எப்படி? ஆந்தையார் காரணங்களை அடுக்குகிறார். நல்ல மனைவி. அறிவு நிரம்பிய பிள்ளைகள். தன் எண்ணப்படியே நடக்கும் ஏவலர். தீங்கு செய்யாமல் காக்கும் அரசன். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் ஊரில் வாழும் அடக்கமான சான்றோர் பலர். அவ்வளவுதான் பட்டியல்.

எத்தனையோ முறை எண்ணிப் பார்த்தேன். யாருக்காக உயிரைவிட வந்தாரோ அந்த நண்பன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

நண்பனின் பெயரைத் தன் பெயராகச் சொன்னவர்தான். ஆனால் அவருக்கு ஓர் ஊர் இருந்தது. வீடு இருந்தது. பிசிரில் ஒரு முழு வாழ்க்கை இருந்தது. இத்தனையும் உள்ள ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததால்தான் அந்த வருகைக்கு அத்தனை கனம். ஒன்றுமில்லாத நான் அவளிடம் கொண்டுபோய் எதைக் கொடுத்தேன்?

சோழன் பக்கத்திலும் இதுவே. அவன் மகன்கள்மேல் போருக்கு எழுந்தபோது, யாருக்காக இந்த வெற்றி என்று கேட்டு நிறுத்த ஒரு புல்லாற்றூர் எயிற்றியனார் இருந்தார். கூடவே உயிர்விடத் துடித்த பொத்தியாரிடம், உன் மனைவிக்குப் பிள்ளை பிறந்த பிறகு வா என்று சொல்லி அவன் திருப்பி அனுப்பினான். பொத்தியாருக்குக் கோபம். அன்பில்லாதவனே என்கிறார். எனக்கு அந்த இடத்தில் சோழன்மேல் மரியாதை கூடிற்று. உன் வீட்டுக்குப் போ, அங்கே உனக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று சொல்வதும் நட்புதான். திருக்குறளில் நட்பு 79ஆம் அதிகாரம். கூடிச் சிரிப்பதற்காக மட்டும் அல்ல நட்பு, நண்பர் வழி தவறும்போது முன்னால் போய் நின்று கடிந்து சொல்வதற்காக என்று வள்ளுவரும் அங்கே சொல்லியிருக்கிறார். அதைப் பத்து மார்க் கேள்விக்காக நான் மனப்பாடம் செய்திருந்தேன்.

பி.எட். முடித்துத் தமிழாசிரியை ஆனேன். கல்யாணம், ஒரு மகன், அப்பாவின் கடைசிக் காலம் எல்லாம் அதன் போக்கில் வந்தன. அப்பாவின் முதுகுவலிக்காக வெக்காளிக்கு ஒரு சீட்டும் எழுதிக் கட்டினேன். தாமதம்தான். ஆனால் அது என் அப்பாவுக்காக நானே எழுதியது.

*

இன்று என் வகுப்பிலும் அப்படி இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒரே மாதிரி கிளிப். செல்போனில் இருவர் வாட்ஸ்அப் படமும் இருவரும் சேர்ந்து எடுத்ததுதான். ஒருத்தியைக் கேட்டால் இன்னொருத்தி பதில் சொல்கிறாள். அவர்களைப் பிரித்து உட்கார வைக்கச் சொல்லி மற்ற ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நான் பிரிப்பதில்லை. சேர்ந்தே இருக்கட்டும். ஆனால் அந்த அமைதியான பெண் பதில் சொல்லத் தடுமாறும்போது பக்கத்தில் இருப்பவள் எழுந்தால், "நீ உட்காரும்மா" என்பேன். பிறகு அந்தப் பெண்ணிடம், "உனக்கு என்ன தோணுது? நேரம் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். சிலசமயம் இரண்டு நிமிஷம்கூட ஆகும். வகுப்பறையில் இரண்டு நிமிஷ மௌனம் என்பது பெரிய நேரம். ஆனால் வரும். ஏதாவது ஒன்று, அவளுடையதாக, வரும்.

போன தை மாதம் அவள் ஊருக்கு வந்தாள். நடுவில் கல்யாணங்களில், துக்கங்களில் பார்த்திருக்கிறோம். இப்படி நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பேசி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தலை முழுக்க நரைத்திருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். இன்னும் அரக்குச் சேலைதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். சர்வர் வந்து நின்றார். நான் இஞ்சி டீ சொன்னேன்.

"உங்களுக்கும்மா?"

அவள் மெனு அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. "எனக்கும் அதே" என்றாள்.

எனக்கு உள்ளே ஏதோ உடைந்தது. அந்தக் குரலின் களைப்பு எனக்குத் தெரியும். மாமியாருக்குப் பிடித்தது, கணவருக்குப் பிடித்தது, பிள்ளைகளுக்குப் பிடித்தது என்று முப்பது வருஷம் சமைத்த கை. நான் சர்வரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். "உனக்கு என்ன வேணும்னு யோசிச்சுச் சொல்லுடி" என்றேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "காபி. சர்க்கரை தூக்கலா" என்றாள். "டாக்டர் கூடாதுங்கிறார். இன்னிக்கு ஒருநாள்."

காபி பாதி ஆனபோது கைப்பையைத் திறந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நாலாக மடித்தது. மடிப்புகள் கிழிந்து நூல்போலத் தொங்கின. வானொலிக் கடிதம்.

"அன்னிக்குத் திண்ணையில உன்கிட்டக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எல்லாரும் வேண்டாம்னுட்டாங்க. ஒரே ஒரு ஆள் 'போ'ன்னு சொன்னாப் போதும், போயிடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் உன்னைக் கேட்டேன். நீ என் மூஞ்சியைப் பார்த்து என்னையே திருப்பிச் சொன்ன. கண்ணாடிகிட்டக் கேட்ட மாதிரி ஆயிடுச்சுடி." கோபமே இல்லாமல் சொன்னாள். "எனக்கு நீ உசிரு. ஆனா பேச எனக்கு ஆளே இல்லாம இருந்துச்சு. எதைச் சொன்னாலும் சரிம்ப. ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே யோசிச்சுகிட்டிருந்தேன்."

இத்தனை வருஷமும் இதை என் கதையாகவே நினைத்திருந்தேன். நட்புக்குள் தொலைந்துபோனவள் நான், மீண்டு வந்தவள் நான். அதன் மறுபக்கத்தில் ஒரு பெண் துணையில்லாமல் நின்றது எனக்குத் தெரியவே இல்லை. அவளுக்குள் கரைந்துபோனதை அவளுக்குச் செய்த பெரிய அன்பாக நினைத்திருந்தேன். உண்மையில் நான் கரைந்த அன்றே அவள் தோழி இல்லாதவளாகிவிட்டாள். தனக்கென்று ஒரு மனம் உள்ளவள்தான் இன்னொருத்திக்குத் துணையாக நிற்க முடியும். எனக்கான என்னைத் தேடுவது சுயநலமோ என்று எத்தனையோ இராத்திரி குற்றவுணர்வில் கிடந்திருக்கிறேன். அதை நான் அவளுக்காகவே செய்திருக்கவேண்டும், அதுவும் அவள் கேட்ட அன்றைக்கே.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். திக்காமல் வந்தது.

"நாம ரெண்டு பேருமே சின்னப் பசங்கடி" என்றாள். பிறகு கடிதத்தை எடுக்கப் போனவள் கையை நிறுத்தி, "இப்ப கேக்கிறேன். எங்க அபார்ட்மெண்ட்ல பாட்டு கிளாஸ் வைக்கலாமான்னு ஒரு எண்ணம். வீட்ல சிரிக்கிறாங்க. நீ என்ன சொல்ற?" என்றாள்.

இந்தமுறை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வை. ஆனா அதுக்கு முன்னாடி தினம் ஒரு மணி நேரம் சாதகம் பண்ணணும். உன் குரல் கம்மிப்போயிருக்கு" என்றேன். அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, எனக்குத் தெரிந்து முதல்தடவையாக, என்னோடு சண்டை போட்டாள். குரல் கம்மவில்லை, நாக்பூர்க் குளிர், இன்றைக்குத்தான் இப்படி. நான் விடவில்லை. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பேசினோம்.

சாயங்காலம் வெக்காளியிடம் போனோம். அம்மன் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தது. ஆளுக்கொரு சீட்டு வாங்கினோம். அவள் முன்போலவே முழங்காலில் வைத்துக் குனிந்தாள். இந்தமுறை அவளுக்கு நேரம் பிடித்தது. எழுதினாள், அடித்தாள், பேனாவைக் கடித்தாள். நான் சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்துகொண்டு என்னுடையதை எழுதினேன். அதில் ஒரு ழகரம் வந்தது. அவள் சொல்லிக்கொடுத்த சுழியோடு முடித்தேன்.

இரண்டு சீட்டையும் சூலத்தில் பக்கத்தில் பக்கத்தில் கட்டினோம். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, "என்ன எழுதின?" என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் என்ன கேட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.